சென்னையில் பாலியல் தொழிலாளர்களுக்கு வேறு வேலை ஏன் நிலைப்பதில்லை

மும்பையில் காமாட்டிபுரா, கொல்கத்தாவில் சோனாகாச்சி என்று கைநீட்டிக் காட்டுவதுபோல் சென்னையில் காட்ட ஓர் இடம் இல்லை. இங்கே பாலியல் தொழில் வாடகை வீட்டிலும் லாட்ஜிலும் பேருந்து நிலையங்களைச் சுற்றியும், இப்போது பெரும்பாலும் கைபேசி வழியாகவும் நடக்கிறது. அதில் இருக்கும் பெண் மற்றவர்களைப் போலவே ஒரு தெருவில் குடியிருக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், ரேஷன் வரிசையில் நிற்கிறார், சீட்டு கட்டுகிறார். அக்கம்பக்கத்துக்கு அவர் ஆஸ்பத்திரியில் ஆயா, அல்லது கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை பார்ப்பவர். பல சமயம் அது பொய்யும் இல்லை. காலையில் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, பணம் போதாத வாரத்தில் மட்டும் 'ஃபீல்டு'க்குப் போகிறவர்கள் இந்த நகரத்தில் உண்டு.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 'விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமே' என்று கேட்பவர்கள், இந்தப் பெண்களுக்கு வேறு வேலை தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலருக்குத் தெரியும். செய்தும் இருக்கிறார்கள். அது நிலைப்பதில்லை. 'சுலபமான பணம்' பழகிவிட்டது என்று சொல்லி இதைக் கடந்துபோவது அநியாயம். தான் யாரென்று தெரியாமல் இருப்பதே ஒருவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. சென்னையில் வேலை கிடைக்கிற ஒவ்வொரு வழியும் அந்தப் பாதுகாப்பைத்தான் முதலில் கழற்றி வைக்கச் சொல்கிறது. யார் சொல்லி வந்தே? எங்கே குடியிருக்கே? கேஸ் ஏதாவது இருக்கா? நடுவில் நாலு வருஷம் என்ன பண்ணே?

சோனாகாச்சியில் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்ததால் சங்கம் கட்ட முடிந்தது. 1995-ல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தங்களுக்குள்ளேயே சேமிப்பும் கடனும் நடத்த முடிந்தது. சென்னையில் சிதறி வாழ்வது ஒருவரை மறைத்துக் காக்கிறது. அதே சிதறல்தான், மாட்டிக்கொள்ளும் நாளில் அவரைத் தனியாளாகவும் நிறுத்துகிறது.

எது குற்றம்

காவல் நிலையங்களில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்லப்படும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வதைக் குற்றம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. விபச்சார விடுதி நடத்துவது, அந்த வருமானத்தில் பிறர் வாழ்வது, ஆள் பிடித்துக் கொடுப்பது, பொது இடத்தில் அழைப்பது ஆகியவையே குற்றம். வழிபாட்டுத் தலம், பள்ளி, விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தாலும் குற்றம். கோயிலோ பள்ளியோ கிளினிக்கோ இல்லாத 200 மீட்டரைச் சென்னையில் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். தொழில் குற்றமில்லை என்ற பேச்சு, நடைமுறையில் அந்த 200 மீட்டரில் கரைந்துபோகிறது.

வேலைக்கும் வீட்டுக்கும் நேரடியாக அடி கொடுக்கும் இரண்டு பிரிவுகளைப் பற்றிப் பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. 4-ஆம் பிரிவின்படி, பாலியல் தொழில் செய்பவரோடு சேர்ந்து வாழும் 18 வயது தாண்டிய எவரும் அவர் வருமானத்தில் வாழ்வதாக அனுமானிக்கப்படலாம். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. வேலையில்லாத அண்ணன், வயதான தாய், கல்லூரிக்குப் போகும் மகன் எல்லோரும் இதற்குள் வரலாம். 3-ஆம் பிரிவு வீட்டு உரிமையாளரைப் பிடிக்கிறது. அந்த வீட்டில் தொழில் நடந்தது சோதனையில் தெரிந்ததாக அந்தப் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் செய்தி வந்தாலே, அவருக்கு விஷயம் தெரியும் என்று அனுமானிக்கலாம். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குவதில் பழமைவாதம் பாதி என்றால், இந்தப் பயம் மீதி. வீடு இல்லையென்றால் விலாசம் இல்லை, விலாசம் இல்லையென்றால் வேலைக்கான எந்தப் படிவமும் நிரம்பாது.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவைப் பற்றி 'இனி பாலியல் தொழிலாளர்களைக் கைது செய்ய முடியாது' என்ற அளவில்தான் செய்தி பரவியது. உத்தரவைக் கவனமாகப் படிக்க வேண்டும். நீதிமன்றம் அமைத்த குழு பத்துப் பரிந்துரைகள் தந்தது. சிலவற்றில் ஒன்றிய அரசு ஒத்துப்போகவில்லை. உடனே கடைப்பிடிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கட்டளையிடப்பட்டவை 2, 4, 5, 6, 7, 9 ஆகிய ஆறு. பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனடி மருத்துவ உதவி, காப்பகங்களில் விருப்பமின்றி வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிப்பது, காவல் துறையின் கண்ணியமான நடத்தை, ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடாமை, ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளாமை, சட்ட விழிப்புணர்வு முகாம்கள் ஆகியவை அந்த ஆறில் அடங்கும். சோதனையின்போது கைது செய்யக் கூடாது என்ற மூன்றாவது பரிந்துரை அதில் இல்லை. இது தெரியாமல் காவல் நிலையத்தில் 'சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு' என்று வாதாடும் பெண், தனக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் ஆறையும் சேர்த்து இழந்துவிடுகிறார். கைப்பையில் ஆணுறை இருந்ததைக் காட்டி வழக்குப் போட முடியாது, முகத்தைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்க முடியாது என்ற இரண்டும் வேலையைக் காப்பாற்றும் விஷயங்கள்.

ஒரு கையெழுத்து, ஐநூறு ரூபாய்

தெருவில் பிடிபடும் பெண் மீது வழக்கமாக இரண்டில் ஒன்று பதிவாகும். ஒன்று, சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அதாவது பொது இடத்தில் ஒழுங்கீனம். '75 கேஸ்' என்பார்கள். மற்றது, 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பொது இடத்தில் அழைத்தல். இரண்டாவதில் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை ஓராண்டு வரை போகலாம். அதோடு 10-அ பிரிவு ஒன்று இருக்கிறது. 7 (அந்த 200 மீட்டர் விதி) அல்லது 8-ஆம் பிரிவில் தண்டனை பெறும் பெண்ணைச் சிறைக்குப் பதிலாக 2 முதல் 5 ஆண்டு வரை சீர்திருத்த நிலையத்தில் வைக்க நீதிபதிக்கு அது அதிகாரம் தருகிறது. ஆறு மாதக் குற்றத்துக்கு ஐந்து வருடக் காவல் என்பது எந்தக் கணக்கில் நியாயம் என்று கேட்க இன்னும் போதிய குரல் எழவில்லை.

பெரும்பாலான பெண்கள் நீதிமன்றத்தில் நிற்கும் நேரம் இரண்டு நிமிடம்கூட இராது. 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போம்மா' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். பள்ளி விடும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் பெண்ணும் ஒத்துக்கொள்வார். இங்கேதான் தவறு நடக்கிறது. அபராதம் கட்டுவது பேருந்தில் டிக்கெட் இல்லாததற்குக் காசு கட்டுவதைப் போன்றதன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் தண்டனை பெற்றதாகவும் அது பதிவாகிறது. அடுத்த முறை பிடிபட்டால் 'ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்'. மூன்று வருடம் கழித்து மாநகராட்சி ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கோ, மருத்துவமனை வார்டு வேலைக்கோ படிவம் நிரப்பும்போது அந்தப் பதிவு காத்திருக்கும்.

நீதிபதி முன் நிற்பதற்கு முன் மூன்று விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் பெயரில். கையெழுத்து வாங்கும் தாளைப் படித்துக் காட்டச் சொல்ல உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். 15100 என்ற எண் அதற்கானது. முதல் முறை சிறு குற்றத்துக்கு எச்சரித்து விடும் நன்னடத்தைச் சட்டம் ஒன்று 1958 முதல் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. வேலை தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை. ஆனால் அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர் சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறது. 75 கேஸில் வழக்கறிஞர் இந்தச் சலுகையைத் தைரியமாகக் கேட்கலாம். 8-ஆம் பிரிவில் அதை நம்பியிருக்க முடியாது. எந்தப் பிரிவில் பதிவு என்று முதலில் கேட்கச் சொல்வது இதனால்தான்.

முன்பெல்லாம் பெண்கள் காவல் நிலையத்தில் வேறு பெயர் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். தொழிலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்ற வழக்கம் பதிவேடு வரைக்கும் அவர்களைக் காத்தது. ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் கேட்கப்படும் காலத்தில் அந்தக் காப்பு உடைந்துவிட்டது. தண்டனையின் அளவு மாறவில்லை, அதன் ஆயுள் கூடியிருக்கிறது.

'மீட்பு' என்ன செய்கிறது

வீட்டிலோ லாட்ஜிலோ ரெய்டு நடந்தால் பெண்களைப் பொதுவாகக் குற்றவாளியாகச் சேர்க்காமல் மீட்கப்பட்டவராகக் காட்டி, மயிலாப்பூரில் உள்ளதுபோன்ற அரசு காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். 'ஹோமுக்கு அனுப்பிட்டாங்க' என்பார்கள். கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கும் சிறுமிக்கும் இது உயிர் காக்கும் வழி, அதில் சந்தேகமே வேண்டாம். விருப்பத்தோடு இருந்த வயது வந்த பெண்ணுக்கு நடப்பது வேறு.

1956 சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நீதிபதி விசாரணைக்கு உத்தரவிடுவார். பெண்ணின் வயது, நடத்தை, முன்கதை, பெற்றோரோ கணவரோ அவரை ஏற்கத் தகுதியானவரா, வீட்டுச் சூழல் எப்படி என்பதெல்லாம் விசாரிக்கப்பட வேண்டும். அதற்காக மூன்று வாரம் வரை காப்பகத்தில் வைக்கலாம். பாதுகாப்பும் கவனிப்பும் தேவை என்று முடிவானால் 1 முதல் 3 ஆண்டு வரை வைக்கலாம்.

அந்த மூன்று வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும் வேலையில் சொல்லாமல் நான்கு நாள் வராவிட்டால் அந்த வீட்டுக்காரம்மா வேறு ஆளை வைத்துக்கொள்வார். ஒப்பந்த ஹவுஸ்கீப்பிங்கில் மேஸ்திரி பெயரை அடித்துவிடுவார். பெண் வெளியே வரும்போது மறைத்து வைத்திருந்த தொழில் அம்பலம், மறைக்காமல் செய்த வேலையும் போச்சு. விசாரணைக்கு வரும் அதிகாரி கணவரையும் பெற்றோரையும் பார்க்கிறார். தெரு முழுக்கத் தெரிய அது போதும். பிறகு வழக்கு நடக்கும்போது சாட்சி சொல்லச் சம்மன் வரும். சீருடையில் ஒரு காவலர் பெயர் சொல்லி வீட்டைத் தேடி வருவார். குடியிருக்கும் வீட்டை மாற்றி, புது இடத்தில் வேலை தேடிச் சேர்ந்த பிறகும் இது நடக்கும். மின்னணு வழியில் சம்மன் அனுப்ப 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. வாக்குமூலம் கொடுக்கும்போதே, சம்மனைக் கைபேசிக்கு அனுப்பும்படி எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. சின்ன வேண்டுகோள்தான், பல குடித்தனங்களைக் காப்பாற்றக்கூடியது.

வேலை எப்படிக் கிடைக்கிறது

வீட்டு வேலை சென்னையில் வாய்வழிதான் ஓடுகிறது. வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், மூன்றாவது மாடியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் அக்கா ஆகியோரில் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த அக்கா பெரும்பாலும் பெண்ணின் தெருவைச் சேர்ந்தவர். தெருவில் ஒரு முணுமுணுப்பு இருந்தாலும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார். நாளை ஏதாவது ஆனால் அவர் வேலையும் சேர்ந்து போகும் என்ற பயம் நியாயமானது. பழைய மாம்பலம், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு வீடு போனால் பத்துத் தெரு தள்ளி இன்னொரு வீடு கிடைக்கும். ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் நிலைமை மாறிவிட்டது. நுழைவுச் செயலியில் வேலையாளின் படமும் ஆதாரும் எந்தெந்த வீட்டில் வேலை என்பதும் பதிவாகின்றன. ஒரு வீட்டார் 'சரியில்லை' என்று குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வரி அனுப்பினால் ஐநூறு வீடும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். காரணம் கேட்க வழியில்லை.

அலுவலக ஹவுஸ்கீப்பிங், மருத்துவமனை, மால், விமான நிலைய ஒப்பந்த வேலைகளுக்குக் காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், காவல் துறையின் வழக்குப் பதிவுகளில் பெயர் தேடப்படும். மீட்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ மட்டும் இருக்கும் பெண் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, அப்படித் தெரியவும் கூடாது. தெரிந்தால் பதிவைத் திருத்தக் கோர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் குற்றப்பத்திரிகையின் நகலையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். தான் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை நிரூபிக்க அவரிடம் வேறு எதுவும் இராது.

படிவத்தில் 'குற்ற வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்பதில் தவறான யோசனைகள் சுற்றுகின்றன. அரசு வேலைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் நெறி வகுத்தது. சொன்ன தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்திருந்தாலும் வழக்கு அற்பமானதாக இருந்தால் நிர்வாகம் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவதே சரி. 'தண்டனை உண்டா' என்று கேட்டால் நிலுவையில் உள்ள வழக்கை எழுதத் தேவையில்லை. 'வழக்கு உண்டா' என்று கேட்டால் எழுதியாக வேண்டும். பொய் எழுதினால், வழக்கு தள்ளுபடியான பிறகும் அந்தப் பொய்யே வேலை நீக்கத்துக்குக் காரணமாகிவிடலாம்.

ஆயா வேலை, ஹோம் நர்சிங், சமையல் வேலைகளில் இன்னொரு தடை ரத்தப் பரிசோதனை. இதற்குச் சென்னையில் தனி வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா ஆகியோரின் முயற்சியில், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. மருத்துவ அறிவியலுக்கு அது பெரிய உதவி. கிருமி எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அந்தப் பெண்கள்தான் நோயின் முகமானார்கள். அந்தப் பயம் நாற்பது வருடமாகச் சமையலறை வாசலில் நிற்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதைத் தடை செய்கிறது. ஏஜென்சி 'ஃபுல் டெஸ்ட்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதில் எந்தெந்தப் பரிசோதனை என்று கேட்டு எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் நீக்கச் சொல்லலாம். நடைமுறையில் ஏஜென்சி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதுதான் அதிகம். ஏஜென்சி வேலை தர மறுப்பதை எழுத்தில் வாங்கினால்தான் புகார் நிற்கும்.

முப்பத்தாறு நாள்

ஜூன் 1-ஆம் தேதி ஒரு பெண் வேலையில் சேர்கிறார் என்று வையுங்கள். முதல் சம்பளம் ஜூலை 7-ஆம் தேதி. முப்பத்தாறு நாள் கையில் பணம் வராது. ஒப்பந்த நிறுவனமாக இருந்தால் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் முதல் மாதமே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த முப்பத்தாறு நாளும் தண்டல்காரர் தினமும் வருவார். பத்தாயிரம் என்று எழுதி, முன்கூட்டியே வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பதுதான் வழக்கமான தண்டல். 5-ஆம் தேதி வாடகை. வாரம் ஒருமுறை குழுக் கடன் தவணை. தினமும் பணம் வரும் தொழிலுக்கு ஏற்றபடி கடன்களும் தினக் கணக்கில் அமைந்திருக்கும்போது, மாதச் சம்பளத்துக்கு மாறுவது ஒரே நாளில் நடக்காது. ஆகவே முதல் மாதம் இரண்டும் நடக்கும்: பகலில் ஹவுஸ்கீப்பிங், சில இரவுகளில் ஃபீல்டு. தூக்கம் கெட்டு, வேலைக்குத் தாமதமாகி, மூன்றாவது தாமதத்தில் வேலை போகும். அதைப் பார்ப்பவர்கள் 'அவளுக்கு வேலை செய்ய மனசில்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கந்து வட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. தொழில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இந்தப் பெண்கள் புகார் கொடுப்பதில்லை என்பது வட்டிக்காரருக்கும் தெரியும்.

மறுவாழ்வு என்ற பெயரில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுவது தையல் பயிற்சி. மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து, ஒரு கால்மிதி மெஷினும் சான்றிதழும். கால்மிதி மெஷினில் ரவிக்கை தைக்கக் கற்றவர் அம்பத்தூரிலோ தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திலோ உள்ள ஆடை நிறுவனத்தில் அதைக் கொண்டு வேலை செய்ய முடியாது. அங்கே தேவைப்படுவது பவர் மெஷின் பழக்கம். சிங்கிள் நீடில், ஓவர்லாக், ஃபிளாட்லாக் ஆகியவற்றில் ஒரே ஒரு வேலையை, காலரையோ கைமடிப்பையோ மட்டும், மணிக்கு இத்தனை என்று இலக்கு வைத்து முடிக்க வேண்டும். அதோடு அந்த நிறுவனங்கள் இளம் பெண்களைத்தான் விரும்பி எடுக்கின்றன, தொழிலிலிருந்து விலக நினைக்கும் பெண்ணுக்கோ பல சமயம் நாற்பது ஆகியிருக்கும். வீட்டிலிருந்து தைக்கலாம் என்றால், தெருவில் அவரைப் பற்றிப் பேச்சு இருக்கும்வரை அளவு கொடுக்க யாரும் வர மாட்டார்கள். மெஷின் கடைசியில் தண்டலுக்கு அடகாகப் போகும். ஒரு பெண்ணுக்கு மெஷின் வாங்கும் பணத்தை, முதல் இரண்டு மாத வாடகையும் அரிசியுமாகக் கொடுத்தால் அவர் வேலையில் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். 2020 செப்டம்பரில், ஊரடங்கு நேரத்தில், அடையாளச் சான்று கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு உலர் ரேஷன் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிக் கொடுப்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அது சான்று.

காகிதம்

வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணிடம் பிறந்த ஊர் ஆவணம் எதுவும் இருக்காது. ஆதார் இல்லாமல் வங்கிக் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் நகராது. 2022 உத்தரவு இதற்கு ஒரு வழி வைத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ கொடுக்கும் சான்றின் பேரில், விலாசச் சான்று இல்லாமலே ஆதார் தரலாம். அட்டையில் தொழிலைக் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. ஆனால் இந்தச் சான்றைப் பெறத் தொண்டு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மறைந்து வாழும் பெண் அந்தப் பட்டியலுக்கே வர மாட்டார். அவருக்கு ஏற்றது இன்னொரு வழி: மாநகராட்சி உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ அரசிதழ் அதிகாரியோ ஆதாருக்கான படிவத்தில் படம் ஒட்டி, கையெழுத்திட்டுக் கொடுக்கும் விலாசச் சான்று. அது மூன்று மாதம் செல்லும். அதில் தொழிலைப் பற்றிய பேச்சே வராது.

குடும்ப அட்டையில்தான் பெரிய சிக்கல். பெயர் இன்னும் கணவரின் அட்டையிலோ தந்தையின் அட்டையிலோ இருந்தால் புதிய அட்டை கிடைக்காது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய்க்கும் குடும்ப அட்டைதான் அடிப்படை. அந்த ஆயிரம், மேலே சொன்ன முப்பத்தாறு நாளில் சாதாரணத் தொகை இல்லை.

வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது, திருநங்கையருக்கு 2008 முதல். பாலியல் தொழிலாளர்களுக்கு எதுவும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் அவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் என்று குறிப்பிட்டது, எதிர்ப்பு வந்ததும் மனிதாபிமான உதவி என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டது. ஒரு வீட்டிலாவது வேலை பார்க்கும் பெண் வீட்டுப் பணியாளர் வாரியத்தில் பதிவு செய்துகொள்வதே இப்போதைக்குப் பயன்தரும் வழி. அந்த அட்டை ஓய்வூதியத்துக்கு மட்டும் உதவுவதில்லை, 'நடுவில் என்ன செய்தாய்' என்ற கேள்விக்கும் பதிலாகிறது. பழைய வாழ்க்கையே தகுதியாகும் ஒரே வேலை, எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் சக கல்வியாளர் பணி. ஏறக்குறைய அறுபது பேருக்கு ஒருவர் என்று எடுப்பார்கள். பகுதிநேரம், குறைந்த மதிப்பூதியம். திட்டத்தின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் யார் என்று அந்த வட்டாரத்துக்குத் தெரிந்துவிடும் என்பதால் பலர் அதையும் வேண்டாம் என்கிறார்கள்.

வேலை கிடைத்த பிறகு

பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதிய வேலையிடத்தில் அடையாளம் கண்டுகொள்வது எப்போதும் இருக்கும் அபாயம். கண்டுகொண்ட ஆளின் வேலை போகாது, பெண்ணுடையது போகும். அதைவிட மோசம், மேற்பார்வையாளருக்குத் தெரிந்து, 'சொல்லாமல் இருக்கணும்னா' என்று பேரம் தொடங்குவது. இது பணியிடப் பாலியல் துன்புறுத்தல். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்ணின் முன்வாழ்க்கையைப் பார்த்து விலக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் அங்கே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பதிவு எதையும் அழிக்கக் கூடாது. புகாரில் பழைய தொழிலைப் பற்றி விளக்கம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 'என் சொந்த விஷயம் ஒன்றை வெளியே சொல்வதாக மிரட்டினார்' என்று எழுதினால் போதும். புகாரளித்தவரின் பெயரை வெளியே விடுவதற்கு இந்தச் சட்டமே தடை விதிக்கிறது.

வீட்டு வேலையில் நடந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். அங்கே ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுப் பணியாளரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் காவல் துறைக்கு அனுப்பிவிடும். காவல் நிலையம் என்றதும் புகாரைத் திரும்பப் பெறும் பெண்கள் உண்டு, பழைய வழக்கைக் கிளறுவார்களோ என்ற பயம்தான் காரணம். புகாரோடு சேர்த்தே, வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எடுக்க வேண்டும் என்றும், சட்டப் பணிகள் ஆணைய வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்க வேண்டும்.